ரந்தாவிலிருந்து பினாங்குவரை: ஒரு நெடும்பயணத் திட்டம்

நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்குத் தெற்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் ரந்தாவ் பட்டணம் அமைந்துள்ளது. லின்சம் போன்ற தோட்டங்கள் சூழ்ந்த பட்டணம் இது. ஒரு காலத்தில் இவ்வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் மரங்களே நிறைந்திருந்தன. பின்னர், பல இடங்களில் செம்பனை மரங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்துக் கொண்டன. தோட்டத்து வாழ்க்கையும் மாறியது. பெற்றோர் பால் மரம் சீவிய தோட்டத்தில் பிள்ளைகள் வேலை செய்வது குறைந்தது. சிலர் செனவாங், நீலாய் வட்டாரத் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். சிலர் கோலாலம்பூரிலும் ஜொகூர் பாருவிலும் குடியேறினர். வேறு சிலர் உயர்கல்விக்காகத் தொலைதூர மாநிலங்களுக்குச் சென்றனர்.

குடும்பத்தினர் பல ஊர்களில் வாழும்போது பயணமும் வாழ்வின் ஒரு பகுதியாகிவிடுகிறது. தீபாவளிக்கு ஊர் திரும்ப வேண்டும்; தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கோ பினாங்கு தண்ணீர்மலைக்கோ செல்ல வேண்டும்; உறவினர் வீட்டுத் திருமணத்திற்கும் துக்கத்திற்கும் செல்ல வேண்டும். பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தால் பதிவு நாளன்று அங்கே கொண்டு போய்விட வேண்டும். இவை எதையும் தள்ளிப்போட முடியாது. ஆனால், இத்தகைய பயணங்களுக்குப் பெரும்பாலோர் செய்யும் ஆயத்தம் என்ன? துணிமணிகளை எடுத்து வைப்பதும் பெட்ரோல் நிரப்புவதும்தான். எப்போது புறப்படுவது, யார் ஓட்டுவது, எங்கே ஓய்வெடுப்பது என்பன போன்ற கேள்விகள் மகிழுந்தில் ஏறிய பிறகே எழுகின்றன. அப்போது விடை காண்பது கடினம்.

பாதை வந்த வரலாறு

ரந்தாவிலிருந்து பினாங்குத் தீவுக்குச் செல்லும் தூரம் ஏறக்குறைய 440 கிலோமீட்டர். இன்று இத்தூரத்தை ஒரே நாளில் எளிதாகக் கடந்துவிடலாம். முன்பு நிலைமை அப்படி இல்லை. கூட்டரசுச் சாலை ஒன்றுதான் தீபகற்பத்தின் மேற்குக் கரையில் வடக்கையும் தெற்கையும் இணைத்த முதன்மைச் சாலையாக இருந்தது. கோலாலம்பூரைத் தாண்டி வடக்கே செல்பவர்கள் ரவாங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், பீடோர், தாப்பா, கம்பார், ஈப்போ, கோலகங்சார், தைப்பிங் எனப் பட்டணம் பட்டணமாகக் கடந்து சென்றனர். ஒவ்வொரு பட்டணத்திலும் சாலை விளக்கு இருக்கும். சந்தைக் கூட்டம் இருக்கும். கனவுந்து ஒன்றின் பின்னால் மாட்டிக் கொண்டால், வளைந்து செல்லும் ஒற்றைத் தடச் சாலையில் அதை முந்திச் செல்வது பெரும்பாடு.

பட்டர்வொர்த்தை அடைந்த பிறகும் பயணம் முடிந்துவிடாது. அங்கிருந்து தீவுக்குச் செல்ல ஃபெரி எனப்படும் பயணப் படகுக்காக வரிசையில் காத்திருக்க வேண்டும். 1985ஆம் ஆண்டில் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின்னரே மகிழுந்துகள் கடலைச் சாலை வழியாகக் கடந்தன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகக் கட்டி முடிக்கப்பட்டு 1994ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அதிகாரப்பூர்வமாகத் திறந்து வைக்கப்பட்டது. தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயு ஈத்தாமிலிருந்து ஜொகூர் பாருவரை 700 கிலோமீட்டருக்கும் அதிகமாக நீளும் இச்சாலை, நாட்டின் போக்குவரத்தையே மாற்றியமைத்தது. 2014ஆம் ஆண்டில் பினாங்கின் இரண்டாவது பாலமும் திறக்கப்பட்டது. அதன் நீளம் 24 கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர் கடலின் மேல் அமைந்துள்ளது.

சாலை நேராகவும் அகலமாகவும் ஆனதால் பயண நேரம் குறைந்தது. ஆனால், அதனுடன் ஒரு புதிய ஆபத்தும் வந்து சேர்ந்தது. பழைய சாலையில் வளைவுகளும் பட்டணங்களும் ஓட்டுநரை விழிப்பாக வைத்திருந்தன. நெடுஞ்சாலையிலோ ஒரே வேகம், ஒரே காட்சி, ஒரே ஓசை. இதனால் மனம் சோர்கிறது. கண்கள் தாமாகவே மூடத் தொடங்குகின்றன. ஆகவே, இன்றைய நெடும்பயணத் திட்டத்தில் வழியைக் கண்டுபிடிப்பதைவிட ஓட்டுநரின் உடல்நிலையைக் கணக்கில் கொள்வதே முக்கியமானது. வழியைக் கைப்பேசி காட்டிவிடும். ஓட்டுநரின் களைப்பை அது காட்டாது.

ஒரு குடும்பத்தின் கணக்கு

திட்டமிடல் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் அறியலாம். ரந்தாவ் வட்டாரத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து கொள்வோம். தந்தை தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகன் செனவாங் தொழிற்சாலையில் பிற்பகல் 2 மணிமுதல் இரவு 10 மணிவரை ஷிப்டு வேலை செய்பவன். இளைய மகளுக்குப் பினாங்கு, மிண்டேனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துள்ளது. அக்குடும்பத்தில் பல்கலைக்கழகம் செல்லும் முதல் பிள்ளை அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குப் பதிவு. வீட்டில் ஒரே ஒரு மகிழுந்து உண்டு. தந்தையிடம் ஓட்டுநர் உரிமம் இருந்தாலும் இரவில் அவருக்குக் கண்பார்வை தெளிவாக இல்லை.

மகன் ஒரு யோசனையைக் கூறுகிறான்.

"சனிக்கிழமை வேலை முடிஞ்சு வந்ததும் பதினோரு மணிக்குக் கிளம்பிடலாம்பா. ராத்திரியில சாலை காலியா இருக்கும். வெயிலும் இல்ல. விடியறதுக்குள்ள பினாங்கு போயிடலாம். எனக்கும் சம்பளம் போகாது."

கேட்பதற்கு நியாயமான யோசனையாகவே தோன்றுகிறது. சனிக்கிழமை வேலைக்குக் கூடுதல் நேரச் சம்பளம் உண்டு. மகளின் கட்டணம், விடுதிச் செலவு, புத்தகம் என வரிசையாகச் செலவுகள் காத்திருக்கும் நேரத்தில் ஒரு நாள் சம்பளம் சிறிய தொகை அன்று. எனினும், முடிவெடுக்கும் முன்னர் இந்த யோசனையைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

வழியில் மெதுவாகச் செல்ல வேண்டிய இடங்களையும் சேர்த்துச் சராசரி வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர் எனக் கொள்ளலாம். 440 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 5 மணி 10 நிமிடம் ஆகும். ஒருமுறை 20 நிமிடம் நின்றாலும், இரவு 11 மணிக்குப் புறப்பட்டவர்கள் அதிகாலை 4.30 மணிக்குப் பினாங்கை அடைந்துவிடுவர். தூரக் கணக்கில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது மகனின் உடலைக் கணக்கில் கொள்ள வேண்டும். அவன் சனிக்கிழமை காலை 7 மணிக்கு எழுந்திருப்பான். இரவு 11 மணிக்குப் புறப்படும்போதே 16 மணி நேரம் விழித்திருப்பான். அதில் 8 மணி நேரம் தொழிற்சாலையில் உழைத்திருப்பான். ஒருவர் தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தால் அவருடைய கவனமும் செயல்வேகமும், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் நிலைக்கு ஒப்பாகக் குறைந்துவிடுகின்றன என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலேசியச் சட்டம் மது அருந்தி வாகனம் ஓட்டுவோருக்கு விதித்துள்ள வரம்பும் அதே அளவுதான். நள்ளிரவு 12 மணிக்கு அவன் அந்த 17 மணி நேரத்தை எட்டிவிடுவான். அப்போது மகிழுந்து ஷா ஆலாமை நெருங்கிக் கொண்டிருக்கும். இன்னும் 350 கிலோமீட்டருக்கும் மேல் மீதமிருக்கும். அந்தப் பையன் ஒரு சொட்டு மதுவும் தொட்டிருக்க மாட்டான்; ஆயினும், அவனுடைய கைகால்கள் மது அருந்தியவனைப் போலவே தாமதமாக இயங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அதிகாலை 2 மணிமுதல் 6 மணிவரை அது உடலைத் தூக்கத்தை நோக்கி மிகவும் வலிமையாக இழுக்கும். இரவு 11 மணிக்குப் புறப்பட்ட குடும்பம் 2 மணி அளவில் தாப்பாவையும், 3 மணி அளவில் ஈப்போவையும் தாண்டியிருக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையில்தான் மலைப்பாதையும் மெனோரா சுரங்கப்பாதையும் உள்ளன. அங்கே ஏற்றமும் இறக்கமும் வளைவும் மாறிமாறி வரும். கனவுந்துகள் மெதுவாக ஊர்ந்து செல்லும். ஆகவேதான் அப்பகுதியில் வேக வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டுள்ளது. பயணத்தின் மிகக் கடினமான பகுதியை, மிகவும் களைத்த ஓட்டுநர், மிகவும் தூக்கம் வரும் நேரத்தில் கடக்க வேண்டியிருக்கும்.

தூக்கக் கலக்கத்தில் கண்கள் மூன்று விநாடி மட்டும் மூடினால் என்ன நேரும்? மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு விநாடியில் 30 மீட்டருக்கும் அதிகமாக ஓடுகிறது. மூன்று விநாடியில் அது கடக்கும் தூரம் 90 மீட்டருக்கும் மேல். அஃதாவது, ஏறத்தாழ ஒரு காற்பந்துத் திடலின் நீளத்தை ஓட்டுநர் இல்லாமலேயே அம்மகிழுந்து கடந்திருக்கும். உள்ளே தந்தையும் தாயும், மறுநாள் பல்கலைக்கழகத்தில் காலடி வைக்கவிருக்கும் தங்கையும் உறங்கிக் கொண்டிருப்பர்.

மாற்று வழிகள்

முதல் யோசனை ஆபத்தானது எனத் தெரிந்த பின்னர் மற்ற வழிகளை ஆராய வேண்டும். வேலை முடிந்து வந்து நான்கு மணி நேரம் உறங்கிவிட்டு அதிகாலை 3 மணிக்குப் புறப்படலாம். ஆனால், அதுவும் உடல் தூங்க விரும்பும் நேரம்தான். மேலும், வழியில் ஒரு விபத்தோ நெரிசலோ ஏற்பட்டால் 9 மணிப் பதிவுக்குச் சென்று சேர முடியாது. நேரம் நெருக்கும்போது ஓட்டுநர் வேகத்தைக் கூட்டுவார். களைப்புடன் அவசரமும் சேர்ந்து கொள்ளும்.

இரயிலில் செல்வது இரண்டாவது வழி. 2015ஆம் ஆண்டுமுதல் இ.டி.எஸ். எனப்படும் மின்சார இரயில் தெற்கே கிம்மாஸிலிருந்து வடக்கே பாடாங் பெசார்வரை ஓடத் தொடங்கியது. சிரம்பானில் ஏறி வடக்கு நோக்கிச் செல்லலாம். மாணவி தனியாகச் செல்லும்போதும் விடுமுறைக்கு வீடு திரும்பும்போதும் இதுவே பாதுகாப்பான வழி. ஆயினும், முதல்முறை விடுதியில் சேரும்போது பெட்டி, வாளி, தலையணை, மின்விசிறி எனச் சாமான்கள் நிறைய இருக்கும். நான்கு பேருக்கும் பயணச்சீட்டு வாங்க வேண்டும். பண்டிகைக் காலத்திலும் பதிவுக் காலத்திலும் சீட்டுகள் விரைவாக விற்றுத் தீர்ந்துவிடும்.

சனிக்கிழமை மகன் விடுப்பு எடுத்துக் கொண்டு, காலை 7 மணிக்குப் புறப்பட்டு, பட்டர்வொர்த்தில் உள்ள உறவினர் வீட்டில் அன்றிரவு தங்குவது மூன்றாவது வழி. வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து வந்து 11 மணிக்குப் படுத்தால் அவனுக்கு ஏழு மணி நேரம் உறக்கம் கிடைக்கும். பகல் பயணம் என்பதால் தந்தையும் சிறிது நேரம் ஓட்டலாம். ஓட்டுநர் ஒருவருக்கு இருவர் ஆவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாலத்தைக் கடந்தால் போதும். பதிவுக்கு நிதானமாகச் செல்லலாம். இவ்வழியில் இழப்பு ஒரு நாள் சம்பளம்.

மகன் தயங்குகிறான். தாய் அவனிடம், "ஒரு நாள் சம்பளத்த அடுத்த மாசம் சம்பாதிச்சுக்கலாம்யா. நம்ம நாலு பேரும் நல்லபடியா போய்ச் சேரணும்; அதுதான் முக்கியம்" என்கிறார். அவர் எந்த ஆய்வையும் படித்ததில்லை. எனினும், முடிவெடுக்கும்போது எதை எதனுடன் ஒப்பிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. மகன் ஒரு வாரத்திற்கு முன்னதாகவே விடுப்புக்கு விண்ணப்பம் செய்கிறான். முன்கூட்டியே திட்டமிட்டதால்தான் விடுப்பும் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை இரவில் யோசித்திருந்தால் அவர்களுக்கு முதல் வழியைத் தவிர வேறு வழியே இருந்திருக்காது.

பாதையும் ஓய்வும்

அடுத்து, பயணப் பாதையைத் தாளில் எழுத வேண்டும். ரந்தாவிலிருந்து சிரம்பான் சென்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறலாம். அதே சாலையில் நேராகச் சென்றால் கோலாலம்பூர் நகர நெரிசலுக்குள் நுழைய நேரிடும். அதனைத் தவிர்க்க விரும்புவோர் நீலாய் அருகே பிரியும் மத்திய இணைப்பு நெடுஞ்சாலையில் சென்று ஷா ஆலாமை அடைவர். அங்கிருந்து புதிய கிள்ளான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலை வழியாகச் சுங்கை பூலோவை நெருங்கி, மீண்டும் வடக்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் இணைவர்.

ஓய்வெடுக்கும் இடங்களையும் முன்னரே முடிவு செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஓய்வெடுப்பது நல்லது. இக்குடும்பம் ஏறக்குறைய 170 கிலோமீட்டரைக் கடந்ததும் உலு பெர்ணம் ஓய்வுப் பகுதியில் 20 நிமிடம் நிற்கலாம். அங்கே தந்தையும் மகனும் இடம் மாறிக் கொள்ளலாம். அடுத்த 160 கிலோமீட்டருக்குப் பிறகு, கோலகங்சார் அருகிலுள்ள சுங்கை பேராக் ஓய்வுப் பகுதியில் 40 நிமிடம் நின்று உணவு உண்ணலாம். அதற்கு முன்னரே களைப்புத் தோன்றினால் தாப்பா ஓய்வுப் பகுதியும் வழியில் உள்ளது. திட்டம் என்பது கட்டாயம் நிற்க வேண்டிய இடங்களைக் குறிப்பதாகும். இடையில் நிற்கக்கூடாது என்று தடுப்பதற்கு அன்று.

இப்போது நேரக் கணக்கு தெளிவாகிறது. ஓட்டும் நேரம் 5 மணி 10 நிமிடம். ஓய்வு நேரம் 1 மணி. எதிர்பாராத நெரிசலுக்கு ஒதுக்கிய நேரம் 45 நிமிடம். மொத்தம் ஏறக்குறைய 7 மணி நேரம். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் 2 மணிக்குள் சென்று சேரலாம். இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மேற்குக் கரை மாநிலங்களில் பிற்பகலில் இடியுடன் கூடிய கனமழை பெய்வது வழக்கம். காலையில் புறப்படுவோர் அம்மழைக்கு முன்னரே பெரும்பகுதி தூரத்தைக் கடந்துவிடுவர்.

சிலர் ஓய்வு நேரத்தை வேகத்தால் ஈடுகட்ட நினைப்பர். அது வீண் முயற்சி. 400 கிலோமீட்டரை மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க ஏறக்குறைய 4 மணி 27 நிமிடம் ஆகும். நெடுஞ்சாலையின் உச்ச வரம்பான 110 கிலோமீட்டர் வேகத்தில் இடைவிடாமல் சென்றாலும் 3 மணி 38 நிமிடம் ஆகும். நாள் முழுவதும் பதற்றத்துடன் ஓட்டி மிச்சப்படுத்துவது 49 நிமிடம்தான். அதற்கும் மேல் வேகமாகச் சென்றால் மிச்சமாவது சில நிமிடங்கள். கூடுவது அபராதமும் ஆபத்தும். பதறாத காரியம் சிதறாது என்று முன்னோர் கூறியது சாலைக்கும் பொருந்தும்.

வாகனமும் வழிச்செலவும்

பயணத்திற்கு முதல்நாள் வாகனத்தைப் பட்டறைக்குக் கொண்டு செல்வது போதாது. பழுது இருந்தால் சரிசெய்ய நேரம் வேண்டும். ஒரு வாரத்திற்கு முன்னதாகவே கொண்டு செல்ல வேண்டும். டயரின் பள்ளங்கள் 1.6 மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தால் மழைச் சாலையில் அது வழுக்கும். உடனே மாற்ற வேண்டும். மாற்று டயரிலும் போதிய காற்று இருக்க வேண்டும். பிரேக், விளக்குகள், மழைநீர் துடைப்பான், இயந்திர எண்ணெய், குளிர்நீர் ஆகியவற்றையும் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், சாலை வரி, காப்புறுதி ஆகியவை காலாவதியாகவில்லை என்பதை உறுதிப்படுத்திக் கொள்ள வேண்டும்.

செலவையும் கணக்கிட்டு வைக்கலாம். 100 கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் தேவைப்படும் மகிழுந்து, 440 கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய 31 லிட்டரைப் பயன்படுத்தும். சென்று திரும்ப 62 லிட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் டோல் சாவடிகளில் ரொக்கப் பணம் பெறுவதில்லை. டச் அண்ட் கோ அட்டையில் போதிய தொகை இருக்கிறதா என்று புறப்படும் முன்பே பார்க்க வேண்டும். தொகை இல்லாமல் சாவடியில் நின்றுவிட்டால் பின்னால் வருவோரும் சிக்கிக் கொள்வர்.

எந்தப் பாலத்தில் செல்வது என்பதும் திட்டத்தில் இடம்பெற வேண்டும். தெற்கிலிருந்து வருவோருக்குப் பத்து காவான் வழியாகச் செல்லும் இரண்டாவது பாலமே முதலில் வரும். அது தீவின் தென்பகுதியில் உள்ள பத்து மாவுங்கைச் சென்றடைகிறது. முதல் பாலமோ பிறையிலிருந்து குளுகோரில் இறங்குகிறது. பல்கலைக்கழகம் அதன் அருகிலேயே உள்ளது. பட்டர்வொர்த்தில் தங்கும் இக்குடும்பத்திற்கு முதல் பாலமே ஏற்றது. பட்டர்வொர்த் ஃபெரிப் படகுகள் இப்போது மகிழுந்துகளை ஏற்றிச் செல்வதில்லை என்பதையும் அறிந்து வைத்திருக்க வேண்டும்.

சாலையில் ஏறிய பிறகு

மகிழுந்தில் ஏறிய அனைவரும் இருக்கை வாரை அணிய வேண்டும். பின்னிருக்கையில் அமர்வோரும் அதனை அணிய வேண்டும் என்ற சட்டம் 2009ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்னால் செல்லும் வாகனத்திற்கும் தம் வாகனத்திற்கும் இடையே குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி இருக்க வேண்டும். மழையில் அதனை இரண்டு மடங்காக்க வேண்டும்.

ஓட்டுநரின் களைப்பை அவருக்கு முன்பே அருகில் இருப்பவர் கண்டுபிடித்துவிடலாம். அடிக்கடி கொட்டாவி விடுதல், கண்ணைக் கசக்குதல், தடத்தை விட்டு விலகுதல், செல்ல வேண்டிய சந்திப்பைத் தவறவிடுதல் ஆகியவை அதன் அறிகுறிகள். சன்னலைத் திறப்பதும் பாடலைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைப் போக்கா. அதைச் சில நிமிடங்களுக்கு மறைக்கவே செய்யும். ஓய்வுப் பகுதியில் நிறுத்தி 15 முதல் 20 நிமிடம்வரை உறங்குவதே பயன் தரும். காப்பி குடித்தாலும் அது வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகலாம்.

ஆகவே, முன்னிருக்கையில் அமர்பவருக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அவர் உறங்கிவிடக்கூடாது. கைப்பேசிக்கு விடையளிப்பது, வழியைப் பார்ப்பது, தண்ணீர் எடுத்துக் கொடுப்பது ஆகியவை அவருடைய வேலைகள். "அண்ணே, கொஞ்சம் நிறுத்து, நான் கைகால் நீட்டிக்கிறேன்" என்று தங்கை கூறலாம். 'நீ தூங்கி வழிகிறாய்' என்று குற்றம் சாட்டினால் ஒப்புக்கொள்ளாத அண்ணனும் தங்கைக்காக நிறுத்துவான்.

வாகனம் பழுதடைந்தால் அவசரத் தடத்தில் நிறுத்தி, எச்சரிக்கை விளக்குகளை எரியவிட வேண்டும். பயணிகள் வாகனத்தை விட்டு இறங்கி, சாலையோர இரும்புத் தடுப்புக்கு அப்பால் நிற்பது பாதுகாப்பானது. நெடுஞ்சாலை உதவிக்கு 1800-88-0000 என்ற எண்ணையும், விபத்து போன்ற அவசர நேரத்தில் 999 என்ற எண்ணையும் அழைக்கலாம். இவ்வெண்களை வீட்டிலேயே கைப்பேசியில் பதிவு செய்துவிட வேண்டும்.

திரும்பும் வழி

பலருடைய திட்டம் போகும் வழியுடன் முடிந்துவிடுகிறது. ஆனால், திரும்பி வரும்போதுதான் களைப்பு அதிகமாக இருக்கும். பதிவு நாளன்று வெயிலில் வரிசையில் நின்று, சாமான்களை விடுதி மாடிக்குத் தூக்கி, மகளைப் பிரிந்த மனச்சுமையுடன் பெற்றோர் புறப்படுவர். நண்பகல் உணவுக்குப் பிந்திய 2 மணிமுதல் 4 மணிவரை உடல் மீண்டும் சோர்வடையும் நேரம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் தலைநகரை நோக்கிச் செல்லும் வாகனங்களும் பெருகும். ஆகவே, திரும்பும் பயணத்திற்கு இரண்டு ஓய்வுக்குப் பதிலாக மூன்று ஓய்வு வேண்டும். மகன் மறுநாள் பிற்பகல் 2 மணிக்குத்தான் வேலைக்குச் செல்ல வேண்டும் என்பதால் இரவு 9 மணிக்கு வீடு திரும்பினாலும் தவறில்லை. மிகவும் களைப்பாக இருந்தால் ஈப்போவிலோ தாப்பாவிலோ நீண்ட நேரம் நின்று உறங்கிவிட்டும் வரலாம். வீட்டில் காத்திருக்கும் அவசரம் எதுவும் இல்லை.

மகளும் இத்திட்டத்தில் பங்கு பெறலாம். பெற்றோர் கிளம்பியதும் அவள் மனத்தில் ஓர் எண்ணம் ஓடிக் கொண்டிருக்கும்: 'அப்பாவும் அம்மாவும் இப்போது எங்கே இருப்பார்கள்?' ஓய்வெடுக்கும் இடங்கள் முன்னரே எழுதப்பட்டிருப்பதால், அவர்கள் எந்நேரத்தில் எங்கே நிற்பர் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே நிறுத்திய பிறகு தாய் அழைத்துப் பேசுவார். ஓட்டும்போது அண்ணனின் கைப்பேசி ஒலிக்க வேண்டியதில்லை. வீட்டை அடைந்ததும் வரும் கடைசி அழைப்புடன்தான் அந்தப் பயணத் திட்டம் நிறைவு பெறுகிறது.

சிந்தித்து விடையளிக்கவும்

1. நெடுஞ்சாலை பயண நேரத்தைக் குறைத்தாலும் புதிய ஆபத்தையும் கொண்டு வந்தது. அந்த ஆபத்து யாது? அது ஏன் பழைய சாலையில் குறைவாக இருந்தது?

2. இரவு 11 மணிக்குப் புறப்படும் யோசனை தூரக் கணக்கில் சரியாகவும் உடற்கணக்கில் தவறாகவும் அமைந்தது எவ்வாறு என்பதை உமது சொந்த நடையில் விளக்கவும்.

3. தாய் கூறிய சொற்களின்வழி வெளிப்படும் அவருடைய பண்புநலன்கள் இரண்டனை எழுதவும்.

4. உமது ஊரிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் உள்ள ஒரு நகருக்கு உமது குடும்பத்தினர் செல்லவிருப்பதாகக் கொள்க. புறப்படும் நேரம், ஓட்டுநர்கள், ஓய்வெடுக்கும் இடங்கள், திரும்பும் வழி ஆகியவற்றை உள்ளடக்கிய ஒரு பயணத் திட்டத்தைத் தயாரித்து, அதனைப் பெற்றோரிடம் காட்டிக் கலந்துரையாடவும்.